மழைக்காலத்தில் மாடு நொண்டுகிறதா? மருந்துக்கு முன் குளம்பைத் தூக்கிப் பாருங்கள்

ஐப்பசி, கார்த்திகை அடைமழைக்குப் பிறகு கறவை மாடு வைத்திருப்பவர்களிடம் அதிகம் கேட்கும் புகார் இதுதான்: "மாடு காலைத் தாங்கித் தாங்கி நடக்குது, பாலும் குறைஞ்சு போச்சு." அதற்குப் பிறகு நடப்பதும் பல வீடுகளில் ஒரே மாதிரிதான். மஞ்சளையும் வேப்பெண்ணெயையும் தடவி நான்கு நாள் பார்ப்பார்கள். கோமாரியாக இருக்குமோ என்று யாரையாவது கூப்பிட்டு ஒரு ஊசி போடுவார்கள். மூன்றாவது வாரம் மாடு எழுந்திருக்கச் சிரமப்பட்டால் தரகர் வாசலுக்கு வந்துவிடுவார். இரண்டாவது ஈத்தில் இருக்கும் நல்ல கலப்பின மாடு அடிமாட்டு விலைக்குப் போய்விடும்.

இப்படிப் போகும் மாடுகளில் பலவற்றை முதல் நாளே கண்டுபிடித்துக் காப்பாற்றியிருக்கலாம். அதற்குத் தேவை ஒரு வாளித் தண்ணீர், ஒரு பழைய பிரஷ், பத்து நிமிட நேரம். நொண்டும் மாட்டின் கால் எங்கே வலிக்கிறது என்று பார்க்காமலேயே மருந்து கொடுப்பதுதான் நம் ஊர்களில் நடக்கும் பெரிய தவறு. மழைக்கால நொண்டிக்குக் காரணம் ஒன்றல்ல. ஒவ்வொன்றுக்கும் வைத்தியமும் வேறு.

ஈரத்தில் குளம்புக்கு என்ன ஆகிறது?

மாட்டுக்கு ஒவ்வொரு காலிலும் உள்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று என இரண்டு குளம்புகள். வெளியே தெரியும் கடினமான ஓடு, நம் நகம் போன்ற பொருளால் ஆனது. உள்ளே எலும்பும், ரத்தம் ஓடும் உயிருள்ள சதையும் இருக்கின்றன. அடிப்பாதத்தின் ஓடு அரை செ.மீ. அல்லது அதற்குச் சற்று அதிக கனம்தான். நானூறு கிலோ மாடு நடப்பது அந்தக் கனத்தின் மேல்தான்.

குளம்பு தண்ணீரை உறிஞ்சும். காய்ந்த நாளில் கட்டை விரலால் அழுத்தினால் அசையாத அடிப்பாதம், நாள் கணக்கில் சாணியிலும் சேற்றிலும் ஊறினால் மெத்தென்று ஆகிவிடும். ஊறிய குளம்பு சிமென்ட் தரையில் சீக்கிரம் தேயும், சரளைக்கல்லில் எளிதில் கன்றும். ராமநாதபுரம், விருதுநகர் பக்கம் சீமைக்கருவேல முள் கோடையில் குத்துவதைவிட மழைக்காலத்தில் ஆழமாக இறங்குவதற்கும் இதுவே காரணம். இரண்டு குளம்புகளுக்கு நடுவே உள்ள மெல்லிய தோலும் ஊறி வெடிக்கும். அந்த வெடிப்பு வழியாகச் சாணியில் இருக்கும் கிருமிகள் உள்ளே போகின்றன.

டெல்டாவின் களிமண்ணுக்கு இன்னொரு குணம் உண்டு. இரண்டு குளம்புக்கும் நடுவில் அப்பி, காய்ந்து, கல்லைப் போல இறுகிவிடும். பனி கொட்டும் நாடுகளில் குதிரை வளர்ப்பவர்கள், குளம்பின் அடியில் உருண்டு இறுகும் பனியைத் தினமும் ஒரு கொக்கியால் தோண்டி எடுத்துவிடுவார்கள். எடுக்காவிட்டால் குதிரை அந்த உருண்டையின் மேல் சறுக்கி நடக்கும். நம் மாட்டுக்கு அந்த வேலையைச் செய்வது களிமண். மேய்ச்சலில் இருந்து திரும்பியதும் நடுப்பிளவில் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றி விரலாலோ மழுங்கிய குச்சியாலோ எடுத்துவிட்டால் போதும்.

பத்து நிமிடப் பரிசோதனை

முதலில் மாட்டைச் சமதரையில் பத்து அடி நடக்கவிட்டுப் பக்கவாட்டில் நின்று முதுகைப் பாருங்கள். நிற்கும்போது நேராக இருக்கும் முதுகு, நடக்கும்போது வில் போல மேலே வளைந்தால் கால்வலி தொடங்கிவிட்டது என்று பொருள். வெளிப்படையாக நொண்டுவதற்குச் சில நாட்கள் முன்பே இந்த வளைவு தெரிந்துவிடும். தினமும் மாட்டைப் பார்க்கும் உங்களால் இதை எளிதாகக் கண்டுபிடிக்க முடியும்.

பிறகு காலைக் கழுவுங்கள். சாணி ஒட்டிய காலில் எதுவும் தெரியாது. முன்னங்காலைக் கையாலேயே மடக்கிப் பார்க்கலாம். பின்னங்காலுக்கு இரண்டு பேர் வேண்டும். கணுக்காலுக்கு மேல் அகலமான துணியையோ சாக்கையோ சுற்றி, அதன் மேல் கயிறு கட்டி, கொட்டகைச் சட்டத்தின் மேல் போட்டு மெதுவாக இழுங்கள். இழுத்தவுடன் அவிழும் உருவு முடிச்சாக இருக்கட்டும். மாடு உதறினால் உடனே விட்டுவிட வேண்டும். நிறைசினை மாட்டிடம் இதைச் செய்யாதீர்கள். கறவை மாட்டில் பெரும்பாலும் பழுதாவது பின்னங்காலின் வெளிப்பக்கக் குளம்பு. அங்கே தொடங்குங்கள்.

நடுப்பிளவில் தோல் வெடித்து, அழுகிய நாற்றம் அடித்து, குளம்புக்கு மேலே காலின் இரண்டு பக்கமும் ஒரே அளவில் வீங்கியிருந்தால் அது குளம்பு அழுகல். நேற்று நன்றாக இருந்த மாடு இன்று காலை ஊன்ற மறுக்கும். காய்ச்சலும் இருக்கும், பால் திடீரென இறங்கும்.

வீக்கமும் இல்லை, நாற்றமும் இல்லை, ஆனால் ஒரே ஒரு காலை மட்டும் தரையில் வைக்கவே பயப்படுகிறது என்றால் அடிப்பாதத்தில் முள்ளோ, ஆணியோ, உள்ளே கட்டிய சீழோ இருக்கலாம். கழுவிய அடிப்பாதத்தில் கரும்புள்ளியைத் தேடுங்கள். அந்த இடத்தை அழுத்தினால் மாடு காலை வெடுக்கென்று இழுக்கும்.

வாயில் நுரையும் எச்சிலும் ஒழுகி, நாக்கிலும் ஈறிலும் கொப்புளம் உடைந்து, ஒன்றுக்கு மேற்பட்ட கால்களில் புண் இருந்தால் அது கோமாரி எனப்படும் காணை நோயாக இருக்கலாம். பக்கத்து மாட்டுக்கும் அடுத்தடுத்து வரும். குளம்பு அழுகலில் வாய்ப்புண் வராது. இந்த ஒரு வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

நான்காவது வகையைத்தான் பலரும் தவறவிடுகிறார்கள். புண்ணே இருக்காது. முட்கள் மேல் நடப்பதுபோல எல்லாக் கால்களையும் மெதுவாக எடுத்து வைக்கும். முதுகை வளைத்து நிற்கும், அதிக நேரம் படுத்தே இருக்கும், குளம்பைத் தொட்டால் சூடாக இருக்கும். இது குளம்பின் உள்சதை அழற்சி. இதற்குக் காரணம் காலில் இல்லை, தீவனத் தொட்டியில் இருக்கிறது. அதைக் கீழே சொல்கிறேன்.

எதற்கு என்ன செய்வது?

குளம்பு அழுகலுக்கு மேல்பூச்சு மட்டும் போதாது. கிருமி சதைக்குள் போய்விட்டதால் கால்நடை மருத்துவர் தரும் ஊசி தேவை. முதல் இரண்டு நாளுக்குள் வைத்தியம் தொடங்கினால் பெரும்பாலும் சீக்கிரம் தேறிவிடும். ஒரு வாரம் விட்டால் கிருமி மூட்டு வரை போய்விடக்கூடும், பிறகு செய்வதற்கு அதிகம் இருக்காது. ஊசி போட்ட மாட்டின் பாலை எத்தனை நாள் ஊற்றக் கூடாது என்று மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அவர் வரும்வரை காலைக் கழுவி, பொட்டாசியம் பெர்மாங்கனேட் கரைசலால் புண்ணை அலசி, காய்ந்த இடத்தில் கட்டுங்கள். கரைசல் இளஞ்சிவப்பு நிறத்தில் இருக்க வேண்டும். அடர் ஊதாவாகிவிட்டால் அதுவே புண்ணைச் சுடும்.

அடிப்பாதத்தில் முள்ளோ சீழோ இருந்தால், மருத்துவர் அந்த இடத்தைச் சீவி சீழை வெளியேற்றுவார். வடிந்த அன்றே மாடு நன்றாக ஊன்றுவதைப் பார்க்கலாம். புண் ஆழமாக இருந்தால், அதே காலின் நல்ல குளம்புக்கு அடியில் ஒரு மரக்கட்டையை ஒட்டி, பழுதான குளம்பு தரையில் படாமல் செய்யும் முறையும் உண்டு. விலையுயர்ந்த மருந்தைவிட இது பல மாடுகளை நிறுத்தியிருக்கிறது. இந்த முறை உங்கள் மாட்டுக்குப் பொருந்துமா என்று தயங்காமல் கேளுங்கள். அடிப்பாதத்தைக் கத்தியால் நீங்களே தோண்டிப் பார்க்காதீர்கள்.

கோமாரி என்று சந்தேகம் வந்தால் முதல் வேலை மற்ற மாடுகளைக் காப்பது. நோயுற்ற மாட்டைத் தனியே கட்டுங்கள். அதைப் பார்ப்பவர் மற்ற மாடுகளிடம் போக வேண்டாம், மேய்ச்சலுக்கும் சந்தைக்கும் ஓட்ட வேண்டாம். கொட்டகைத் தரையை 1 லிட்டர் தண்ணீருக்கு 40 கிராம் சலவைச் சோடா கரைத்துக் கழுவலாம். சில ஊர்களில் கோமாரி வந்த மாட்டைச் சேற்றில் நிறுத்தும் பழக்கம் இருக்கிறது. அது புண்ணில் அழுக்கையும் ஈயையும் சேர்ப்பதைத் தவிர வேறு ஒன்றும் செய்யாது. 2019-ல் தொடங்கிய தேசிய கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் கீழ் கோமாரித் தடுப்பூசி 6 மாதத்துக்கு ஒருமுறை இலவசமாகப் போடப்படுகிறது. முகாம் அன்று மாட்டை மேய்ச்சலுக்கு ஓட்டிவிட்டுப் பிறகு வருந்துபவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

கோமாரிக் கால்புண்ணுக்கு ஒரு மூலிகைப் பூச்சு நல்ல பலன் தருகிறது. குப்பைமேனி, வேப்பிலை, துளசி, மருதாணி இலை ஒவ்வொன்றிலும் ஒரு கைப்பிடி, பூண்டு 10 பல், மஞ்சள்தூள் 20 கிராம் எடுத்து அரைத்து, 250 மி.லி. தேங்காய் எண்ணெய் அல்லது நல்லெண்ணெயில் கொதிக்கவைத்து ஆறவிடுங்கள். புண்ணைக் கழுவி, ஈரம் ஒற்றியெடுத்த பிறகு தடவ வேண்டும். புழு வைத்திருந்தால் முதல் நாள் மட்டும் கற்பூரம் கரைத்த தேங்காய் எண்ணெயையோ சீத்தா இலை விழுதையோ வைத்துப் புழுவை வெளியேற்றிவிட்டு மறுநாள் முதல் இந்தப் பூச்சைப் போடலாம். வண்டியின் கழிவு ஆயில், மண்ணெண்ணெய், பயிருக்கு அடிக்கும் பூச்சிமருந்து இவற்றைப் புண்ணில் ஊற்றுவதை அருள்கூர்ந்து விட்டுவிடுங்கள். மாடு காலை நக்கும், விஷம் வயிற்றுக்குள் போகும்.

மயில்துத்தக் குளியல்

வராமல் தடுக்க மழை மாதங்களில் வாரம் இரண்டு முறை குளம்பைக் கரைசலில் நனைப்பது நல்ல பழக்கம். மயில்துத்தம் 5 சதவீதம், அதாவது 1 லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம். பெரிய பண்ணையில் மாடு நடந்து போகும் வழியில் தொட்டி கட்டலாம். குளம்பு முழுதும் மூழ்க அரை அடி ஆழம் தேவை. ஒன்றிரண்டு மாடு வைத்திருப்பவர்களுக்குத் தொட்டி தேவையில்லை. ஒரு பிளாஸ்டிக் பேசினில் ஒவ்வொரு காலாக வைக்கலாம், அல்லது கழுவிய காலில் கைத்தெளிப்பானால் நடுப்பிளவு நனையும்படி அடிக்கலாம். களைக்கொல்லி அடித்த தெளிப்பானை இதற்கு எடுக்காதீர்கள்.

காலைக் கழுவாமல் நனைத்தால் பயனில்லை. சாணி கலந்தவுடன் மயில்துத்தத்தின் வீரியம் போய்விடும். கரைசல் சாணி நிறமாக மாறிவிட்டால் எத்தனை ரூபாய்க்கு வாங்கியதாக இருந்தாலும் கொட்டிவிட வேண்டியதுதான். இரும்பு வாளியில் கலக்க வேண்டாம், அரித்துவிடும். நனைத்த பிறகு அரை மணி நேரமாவது காய்ந்த தரையில் நிற்கட்டும். மீந்த கரைசலைக் குளத்திலோ வாய்க்காலிலோ ஊற்றக் கூடாது, மாடும் ஆடும் குடித்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆழமான திறந்த புண் உள்ள காலை இதில் வைக்க வேண்டாம்.

படுக்க இடம் இருக்கிறதா?

கறவை மாடு ஒரு நாளில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் படுக்க வேண்டும். தரை ஈரமாக இருந்தால் படுக்காமல் நின்றுகொண்டே இருக்கும். ஊறிய குளம்பின் மேல் முழு எடையும் நாளெல்லாம் இறங்கும். மழைக்காலத்தில் குளம்பு கெடுவதற்குச் சேறு பாதிக் காரணம் என்றால், இந்த நிற்பது மீதிப் பாதி என்பது என் கருத்து.

தரைக்கு 1 மீட்டருக்கு 2 செ.மீ. வாட்டம் இருந்தால் மூத்திரம் தேங்காது. புதிதாகப் போட்ட சிமென்ட் தரை ரம்பம் போல இருக்கும். மாட்டைக் கட்டுவதற்கு முன் செங்கல்லால் தேய்த்து முனைகளை மழுக்கிவிடுங்கள். புதுக்கொட்டகை கட்டிய மாதத்தில் நொண்டும் மாடுகள் எல்லாம் திருஷ்டியால் நொண்டுவதில்லை. ரப்பர் பாய் வாங்க முடியாதவர்கள் நெல் உமி, மரத்தூள், தென்னை நார்க்கழிவு இவற்றில் எது மலிவாகக் கிடைக்கிறதோ அதைப் பரப்பி, நனைந்த பகுதியைத் தினமும் அள்ளிவிடலாம். கொட்டகையே இல்லை, மரத்தடிதான் என்றால் மாடு படுக்கும் இடத்தை மட்டும் மண் போட்டு அரை அடி உயர்த்துங்கள். ஒரு மாட்டு வண்டி மண் போதும். நீற்றிய சுண்ணாம்பைத் தூவலாம், ஆனால் நீற்றாத சுண்ணாம்பு தோலைச் சுட்டுவிடும்.

தை மாதத்துப் பொங்கல், பங்குனி மாதத்து நொண்டி

மேலே சொன்ன நான்காவது வகைக்கு வருவோம். அரிசிக் கஞ்சி, கேழ்வரகுக் கஞ்சி, மீந்த சோறு, கல்யாண வீட்டுச் சாதம் ஆகியவற்றை ஒரே நேரத்தில் அதிகம் கொடுத்தால் மாட்டின் பெருவயிறு புளித்துவிடும். வயிற்றில் அமிலம் ஏறினால் குளம்புக்குள் இருக்கும் சிறு ரத்தக் குழாய்கள் பாதிக்கப்பட்டு உள்சதை வீங்கும். கடினமான ஓட்டுக்குள் வீங்குவதற்கு இடம் இல்லாததால் வலி கடுமையாக இருக்கும். அந்தச் சமயத்தில் உருவாகும் ஓடும் தரமில்லாமல் வளரும். அடிப்பாதத்தில் ரத்தக் கன்றலும் புண்ணும் வெளியே தெரிய இரண்டு மூன்று மாதங்கள்கூட ஆகும். மாட்டுப் பொங்கல் அன்று பாசத்தோடு ஊட்டிய பானைப் பொங்கலுக்கும், பங்குனியில் மாடு நொண்டுவதற்கும் தொடர்பு இருக்கலாம் என்று யாருக்கும் தோன்றாமல் போவது இதனால்தான்.

பொங்கல் ஒரு கைப்பிடி ஊட்டுவது வேறு, ஒரு பானை வைப்பது வேறு. கஞ்சி கொடுத்தே ஆக வேண்டும் என்றால் சிறு அளவில், தினமும் ஒரே மாதிரி கொடுங்கள். அடர்தீவனத்தைக் கூட்டுவதாக இருந்தால் பத்துப் பதினைந்து நாட்களில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். மழைக்கால இளம்புல் நீர் நிறைந்தது, நார் குறைந்தது. அதனால் காலையில் முதலில் வைக்கோலைக் கொடுத்துவிட்டுப் பிறகு மற்றதைக் கொடுங்கள். வைக்கோல் போர் நனையாமல் மூடப்பட்டிருப்பது குளம்புக்கும் பாதுகாப்புதான். தாது உப்புக் கலவை தினமும் 50 கிராம் கொடுத்தால் அதிலுள்ள துத்தநாகம் ஓட்டை உறுதிப்படுத்தும். ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும்: குளம்பு மாதத்துக்கு அரை செ.மீ. அளவுதான் வளரும். இன்று தொடங்கும் நல்ல தீவனத்தின் பலன் தரையைத் தொட ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். பத்து நாளில் பலன் தரும் என்று விற்கப்படும் குளம்பு டானிக்கை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள்.

குளம்பு சீவுதல்

கட்டியே வளர்க்கும் மாட்டுக்குக் குளம்பு தேயாமல் நீண்டு, செருப்பின் மூக்கு போல மேலே வளையும். எடை பின்பக்கம் சாய்ந்து குதிங்கால் நசுங்கும். வருடத்துக்கு இரண்டு முறை சீவ வேண்டும். மழை தொடங்கும் முன் புரட்டாசியில் ஒருமுறை சீவுவது நல்லது. முன்பக்க ஓட்டின் நீளம் 7.5 செ.மீ., ஏறக்குறைய 3 அங்குலம், இருக்கும்படி விட்டு மீதியை மட்டும் எடுக்க வேண்டும். அடிப்பாதம் கட்டை விரல் அழுத்தத்துக்கு லேசாக அமுங்கினால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். பழக்கம் இல்லாதவர்கள் முதல் முறை கால்நடை மருந்தகத்தில் உள்ள தடுப்புச் சட்டத்தில் மாட்டை நிறுத்தி, மருத்துவர் சீவுவதைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள். உழவு மாடுகளுக்கு லாடம் தேய்ந்திருக்கிறதா, ஆணி தளர்ந்திருக்கிறதா என்பதையும் மழைக்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

ஆடு வைத்திருப்பவர்களுக்கு

செம்மறி ஆட்டுக்கு மயில்துத்தம் ஆகாது. மாட்டைவிட அதற்குச் செம்புச் சத்து எளிதில் விஷமாகிவிடும். அதற்குப் பதில் துத்தநாக சல்பேட், 1 லிட்டருக்கு 100 கிராம் கரைத்துக் கால்களை நனைக்கலாம்.

அதைவிட முக்கியமான ஒன்று. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் செம்மறி மந்தையில் பல ஆடுகள் ஒரே சமயத்தில் நொண்டினால் குளம்பு அழுகல் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். முகமும் உதடும் வீங்கியிருக்கிறதா, மூக்கில் சளி ஒழுகிக் காய்ந்திருக்கிறதா, குளம்பு தொடங்கும் இடத்தில் சிவந்த கோடு தெரிகிறதா என்று பாருங்கள். இருந்தால் அது நீலநாக்கு நோயாக இருக்கலாம். ஈரமான சாணியிலும் சேற்றிலும் பெருகும் மிகச் சிறிய கடிக்கும் பூச்சிகளால் பரவும் நோய் இது. குளம்புக்கு மருந்து போட்டுக்கொண்டிருந்தால் ஆடுகள் போய்விடும். வாய்ப்புண் இருப்பதால் நொண்டும் ஆடுகளை மேய்ச்சலுக்கு ஓட்டாமல் நிழலில் வைத்து, கம்பங்கஞ்சியோ கேழ்வரகுக் கஞ்சியோ சிறிது சிறிதாகப் புகட்டுங்கள். பூச்சிகள் கடிப்பது மாலையிலும் இரவிலும்தான். பொழுது சாயும் முன்பே பட்டியில் அடைத்து வேப்பிலை, நொச்சி இலை போட்டுப் புகை மூட்டுங்கள். இந்த நோய்க்குத் தடுப்பூசி உண்டு, மழைக்கு முன்பே போட வேண்டும். நோய் வந்த பிறகு என்றால், மந்தையோடு மருந்தகத்துக்கு நடக்க வேண்டாம். 1962 என்ற எண்ணுக்கு அழைத்தால் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தி உங்கள் ஊருக்கு வரும். அழைக்கும்போது எத்தனை ஆடுகள் நொண்டுகின்றன, எந்த நாளில் தொடங்கியது, வாய் எப்படி இருக்கிறது என்ற மூன்றையும் சொல்லுங்கள்.